தங்கச்சி வீட்டுக்கு ஐந்து பெட்டி மண்

போன வாரம் சுல்பிகாவைத் தங்கச்சியின் புது வீட்டு வாசலில், கையில் முகம் துடைக்கிற ஒரு லேஞ்சியோடு நிறுத்திவிட்டு வந்தோம். மண் குவியலுக்குள் கிடந்த நாலைந்து சிப்பித் துண்டுகளைப் பொறுக்கி லேஞ்சியில் முடிந்துகொண்டு, வாப்பாவிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அவள் உள்ளே போய்விட்டாள். அதற்காக அவளைத் திட்டிச் சில வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். திட்டுங்கள். இந்த வாரம் இன்னும் கொஞ்சம் திட்ட வேண்டி வரும்.

வீட்டுக்குப் போடுகிற மண்ணை எல்லோரும் ஆற்று மண் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஆற்று மண்ணில் கடல் சிப்பி கிடக்காது. கல்முனைப் பக்கத்தில் பிறந்த சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். விரிவுரையாளர் சுல்பிகாவுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

கதையை இன்றைக்குத்தான் கையில் எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுல்பிகாவுக்கு முப்பத்திமூன்று வயது. புருசன் கட்டாரில். உம்மா மௌத்தாகி மூன்று வருடமாகிறது. வாப்பா மீராமுகைதீன் வயல்காரர், சொந்தமாக ஓர் உழவு மெசின், அதாவது டிராக்டர், வைத்திருப்பவர். தங்கச்சி றிஸ்லாவுக்கு நோன்புக்கு முன்னால் கல்யாணம். அதாவது இன்னும் மூன்றே வாரம்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்ததும் வாப்பாவின் தலைக்குள் ஓர் அத்திவாரம் விழுந்துவிடும். வீடில்லாமல் கல்யாணமில்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்ட விடுகிறார்களில்லை. அதனால் எல்லோரும் மேற்கே வயல் பக்கம் போய், பள்ளக் காணியை மண் போட்டு நிரப்பிக் கட்டுகிறார்கள். சுல்பிகாவின் வீடு சுனாமிக்கு முன்பே, இரண்டாயிரத்து இரண்டில், அப்படி எழும்பியது. அதே வளவில் இப்போது சின்னவளின் வீடு. கூரை போட்டாயிற்று. சுவர் பூசியாயிற்று. உள்நிலத்தை மட்டம் செய்ய இன்னும் ஐந்து பெட்டி மண் வேண்டும். பெட்டி என்பது மெசினுக்குப் பின்னால் இழுபட்டு வருவது.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வருகிறார்.

இனி அவளுடைய பாடத்தைப் பற்றி. கல்லூரியில் இந்த வருடம்தான் அது தொடங்கியது. 'காலநிலை நீதி' என்று பெயர். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அங்குள்ள சனங்களிடம் கேட்கவும் கேட்டதை எழுதவும் கூட்டத்தில் எழும்பிப் பேசவும் பழக்குகிற பாடம். யுத்தம் முடிந்து ஒரு வருடந்தான் ஆகிறது. நாலு பேர் சேர்ந்து நின்றாலே வீட்டிலிருந்து ஆள் தேடி வருகிற ஊர் இது. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சுல்பிகா கொப்பியை மூடி வைக்கச் சொன்னாள். கடல் எல்லோருடைய வீட்டுக்கும் ஒரே நாளில் ஏறாது, சிலருடைய வீட்டுக்கு முந்தி ஏறும், ஏன் அந்த வீடு என்று கேட்பதுதான் நம் பாடம் என்றாள். அதற்குப் பிறகு யாரும் கொட்டாவி விடவில்லை.

முதல் மாதத்தில் ஒரு பிழை நடந்தது. பிள்ளைகள் ஒலுவில் பக்கம் போய், கதைத்தவர்களின் பெயர்களைத் தாங்களே வரிசையாக எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு மனிதர் பின்னாலேயே ஓடிவந்து தாளைப் பறித்துக் கிழித்தார். அவருடைய மகனின் பெயர் ஒரு காலத்தில் ஏதோ ஒரு பட்டியலில் இருந்ததாம். மகன் இன்றுவரை வீட்டுக்கு வரவில்லை. அன்றிலிருந்து சுல்பிகா ஒரு சட்டம் வைத்தாள்.

"பேர நாம எழுதுறல்ல. தாளையும் பேனையையும் சேத்து நீட்டுவம். எழுதினா எழுதட்டும், விட்டா அந்தக் கோடு வெறுமையா இரிக்கட்டும். எழுதினவங்கதான் கூட்டத்தில எழும்பி வாசிக்கணும்."

இன்னொன்றும் சொல்வாள். கேட்கப் போகிறவன் முந்திப் போக வேண்டும். சனங்களைக் காக்க வைத்துவிட்டு அவர்களிடம் நீதி கதைக்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்தவள் வியாழக்கிழமை செய்த காரியத்தைக் கேளுங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்றுவாடிக் கரையில் வகுப்பு என்று முடிவாகியிருந்தது. ஒலுவிலுக்கு இந்தப் பக்கம், மீன் வாடிகள் மூன்று நிற்கிற சின்னக் கரை அது. அங்கேயுள்ள மண்மலையை மெசின்கள் தின்றுகொண்டிருப்பதைப் பிள்ளைகளே தேடிப் பிடித்திருந்தார்கள். மெசின்கள் விடிய வரும், ஒன்பது மணிக்குள் போய்விடும் என்றும் எழுதி வைத்திருந்தார்கள். சுல்பிகா அதை வாசித்தாள். வாசித்துவிட்டு, பிள்ளைகளின் தலைவி கிருசிகாவுக்குப் போன் எடுத்து, எட்டு மணி வேண்டாம், பத்து மணிக்கு வாங்க என்றாள். வீட்டுக்கு ஆள் வருகிறது, வட்டிலப்பம் அவிக்க வேண்டும் என்று காரணமும் சொன்னாள்.

வட்டிலப்பம் அவிக்க வேண்டும் என்பது உண்மைதான். பொய் சொல்வதற்கு உண்மையைப் போல வசதியான சாமான் வேறில்லை.

*

வாப்பா விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு மெசினை எடுத்துக்கொண்டு போனார். எட்டு மணிக்கு முதல் பெட்டி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுல்பிகா குசினியில் தேங்காய்ப் பாலைப் பிழிந்துகொண்டே காதை வெளியில் வைத்திருந்தாள். எட்டரைக்குப் போன் அடித்தது. கிருசிகா. ஒன்பதுக்கு மறுபடியும். ஒன்பது பத்துக்கு மூன்றாவது தடவை. கை ஈரம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவள் போனை எடுக்கவில்லை. வட்டிலப்பத்தை அடுப்பில் ஏற்றி, றிஸ்லாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஓட்டோ பிடித்துப் போனாள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்றுவாடியில் இறங்கினாள். தூரத்திலேயே தெரிந்தது, சிவப்பு மெசின். மண்மலையில் இருக்கிற பெரிய வெட்டுக்குள் அது நின்றது. பெட்டி நிறைய மண். முன்னால் பதினொரு பிள்ளைகளும் மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மண் அள்ள வந்த கூலியாட்கள் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு நழுவியிருந்தார்கள். மெசின் சீட்டில், தலையில் துவாயோடு, வாப்பா தனியாக இருந்தார்.

கிருசிகா எழும்பி ஓடிவந்தாள். பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளை, மெலிந்த தோற்றம், குரல் மட்டும் பெரிசு. முகமெல்லாம் சந்தோசம்.

"மிஸ், நாங்க ஆறரைக்கே வந்திட்டம். நீங்கதானே சொன்ன, கேக்கப் போறவன் முந்திப் போகணும் எண்டு."

பிள்ளைகள் ஏமாற்றியிருந்தால்கூட சுல்பிகாவுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. அவர்கள் அவள் சொன்னதை அப்படியே செய்திருந்தார்கள்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் அவளுடைய தெருவைச் சேர்ந்தவர் இல்லை. திருக்கோவில், பொத்துவில், காரைதீவு என்று ஆளுக்கோர் ஊர். மெசினில் இருக்கிற வயதாளி யாரென்று அவர்களுக்குத் தெரியாது. மூன்றரை மணித்தியாலமாக அவர் ஒரு சத்தம் போடவில்லையாம், தண்ணீர் கேட்டாராம், கொடுத்தார்களாம். கிருசிகா இதையெல்லாம் ஒப்புவித்துக்கொண்டிருக்க, வாப்பா சீட்டிலிருந்து மெல்ல இறங்கினார்.

மகளைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த சாறனை அவிழ்த்து விட்டார். ஊரில் பெரிய மனிதர்களுக்கு முன்னால் அப்படித்தான் செய்வார்.

"இவங்கதான் உங்கட மிஸ்ஸா?" என்று கிருசிகாவிடம் கேட்டார். பிறகு சுல்பிகாவைப் பார்த்து, "கேக்கிறதக் கேளுங்க மிஸ்" என்றார்.

வாப்பா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். சுல்பிகா சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். தெரியாத ஒரு மெசின்காரருக்கு ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள்.

திட்ட வேண்டி வரும் என்று சொன்னேனே, அது இந்த இடத்துக்குத்தான்.

வாடிப் பக்கமிருந்து ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். அதில் ஒருவன், எங்கட ஆள மறிக்கப் பாண்டிருப்பிலிருந்தா ஆள் வரணும் என்று சத்தமாகக் கேட்டான். கிருசிகாவின் முகம் சுருங்கியது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. போன வருடம்வரை இந்த மாதிரி ஒரு சொல்லில் எவ்வளவோ நடந்திருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்க வேண்டியது மிஸ்ஸின் வேலை. மிஸ்ஸின் கால் நகரவில்லை.

"அந்தப் புள்ள கேக்கிறது ஞாயம்," என்றார் வாப்பா அவனிடம். "நீ உண்ட வேலையப் பாரு."

அவன் அடங்கினான். கிருசிகா தாளை எடுத்தாள். யார் எடுத்தது, யாருக்காக எடுத்தது, யார் இழந்தது என்று மூன்று கேள்விகள் அதில் இருக்கும். சுல்பிகாவே உட்கார்ந்து எழுதிய கேள்விகள்.

யாருக்கு இந்த மண் என்று கிருசிகா கேட்க, சின்ன மகளின் வீட்டுக்கு என்றார். மூன்று வாரத்தில் கல்யாணம் என்றும் சேர்த்துச் சொன்னார். முன்பும் எடுத்திருக்கிறீர்களா ஐயா என்று கேட்டாள்.

"ஓம். மூத்த மகள்ட வீட்டுக்கும் இஞ்சதான் எடுத்த. ரெண்டாயிரத்து ரெண்டில. அப்ப மெசின் இறங்க வழி இல்ல. இந்த வெட்ட முதல்முதல் வெட்டினதும் நான்தான்."

வேறு யாருடைய வீடுகளுக்கு என்று கேட்டபோது, மற்றவர்களின் பெயரை நான் சொல்ல மாட்டேன் என்றார். சுல்பிகாவுக்கு அந்தப் பெயர்களும் தெரியும். றிஸ்லாவின் மாப்பிள்ளை வீட்டிலேயே இரண்டு பெண்கள். அவர்களுடைய வீடுகளுக்கும் இதே சிவப்பு மெசின்தான் ஓடியது.

கூட்டத்துக்குள்ளிருந்து மைமூனா முன்னால் வந்தாள். மூன்றுவாடியில் பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்டது இவளிடம்தான். சுனாமி அன்று மண்மலைக்குப் பின்னால் இருந்த வீடுகளில் தண்ணீர் முழங்கால் அளவுதான் வந்தது. வெட்டுக்கு நேரே இருந்த வீடு மைமூனாவுடையது. அந்த வாயால் கடல் முழுதாக வந்தது. கடல் கொண்டுபோன மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு.

அவள் வெட்டைப் பார்த்தாள். மெசினைப் பார்த்தாள். பிறகு அவரைக் கேட்டாள்.

"நீங்கதானா, காக்கா?"

"நான்தான், மகள்."

சுனாமி வந்த அதே நாள், அதே காலை, சுல்பிகாவுடைய வீட்டில் பத்தொன்பது சொந்தக்காரர்கள் உயிர் தப்பி வந்து இருந்தார்கள். தண்ணீர் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. நல்ல உயரமாக மண் போட்டுக் கட்டியிருக்கிறார் என்று வாப்பாவை எல்லோரும் புகழ்ந்தார்கள். அவளும் புகழ்ந்தாள். அந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு வந்த பிறகும் அவள் கேட்கவில்லை.

கிருசிகா தாளையும் பேனையையும் நீட்டினாள். வாப்பா வாங்கினார். எடுத்தவர் என்ற இடத்தில் மீராமுகைதீன் என்று பெரிய எழுத்தில், அவசரப்படாமல் எழுதினார். அடுத்த இரண்டு கோடுகளையும் விரலால் காட்டிக் கேட்டார். யாருக்காக எடுத்ததோ அவர்களுக்கு உரிய கோடுகள் என்றாள் கிருசிகா.

"அப்ப அது என்ட மகள்மார்ர இடம். அவங்கட பேர நான் எழுதேலா. அவங்கதான் எழுதணும். உங்கட சட்டம் அதுதானே மிஸ்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். சுல்பிகா ஓம் என்றாள். அன்று கரையில் அவள் வாய் திறந்து சொன்ன ஒரே சொல் அதுதான்.

பிறகு அவர் பெட்டியில் ஏறி, மண்வெட்டியை எடுத்து, மண்ணைத் திரும்ப வெட்டுக்குள்ளேயே தள்ளத் தொடங்கினார். அறுபத்தைந்து வயது. இரண்டு நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. கிருசிகா மற்ற மண்வெட்டியை எடுத்தாள். பொத்துவில் பெடியன் றிபாத் கையாலேயே வாரினான். எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். சுல்பிகா பிள்ளைகளின் வரவுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். வாப்பா குனிந்து நிமிரும்போது இடுப்பைப் பிடிக்கிறார் என்பதை அங்கே அவள் ஒருத்திதான் கவனித்தாள். கவனித்துக்கொண்டே நின்றாள்.

பெட்டி வெறுமையானதும் மைமூனா கிட்டே வந்தாள்.

"ஒரு பெட்டி திரும்பி வந்திட்டு காக்கா. மத்தப் பெட்டியெல்லாம் எங்க?"

வாப்பா மெசினை ஸ்டார்ட் பண்ணினார். மகள் பக்கம் திரும்பாமல், ஊருக்கு வருகிற வடக்கு வழியை விட்டுத் தெற்கே போனார்.

*

வீட்டுக்கு வந்ததும் சுல்பிகா றிஸ்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பத்து மணி என்று மாற்றியதைக்கூட மறைக்கவில்லை. தங்கச்சி வீடு முடியாமல் போய்விடும் என்று அழுவாள், கோபப்படுவாள், அதற்கு என்ன சமாதானம் சொல்லலாம் என்று ஓட்டோவில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். றிஸ்லா மண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"வாப்பா ஒன்ன மிஸ் எண்டு செல்ல, நீ கேட்டுட்டு நிண்டியா தாத்தா?"

(எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.)

சுல்பிகா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிள்ளைகளுக்கு முன்னால் மரியாதை போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளைப் படிப்பித்தது அந்த மெசின். பள்ளிக்கூடத்தில் மெசின்காரர்ர மகள் என்று கூப்பிட்டால் கோபம் வராத பிள்ளை அவள். முப்பத்திமூன்று வயதில், கல்லூரி மிஸ் ஆன பிறகுதான் அவளுக்கு அந்த வெட்கம் வந்தது. இப்போது வெட்கப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வாப்பா வரவில்லை. சோறு ஆறியது. அவர் விட்டுவிட்டுப் போன போன் மேசையில் கிடந்து அடித்து, அதுவாகவே நின்றது. றிஸ்லா ஒழுங்கை முனைவரை மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எதற்கும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி இன்றைய வரவை நிற்பாட்டுவோமா என்று சுல்பிகா கேட்டாள். வேண்டாம், வரட்டும் என்றாள் றிஸ்லா.

அஸருக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா சுபைறா, இரண்டு மகள்மாரோடு வந்தார். அவருடைய புருசன் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார். நாளைக்குப் பிள்ளைகள் மூன்றுவாடியில் வைக்கிற கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கப்போவதும் அவர்தான். சுபைறா நல்ல மனுசி, ஆனால் கண் கூர்மை. புது வீட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். பாதி அறை மேடு, பாதி அறை பள்ளம். மண் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். வரவில்லை என்றாள் சுல்பிகா. எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை.

சுல்பிகாவின் மண்டபத்தில் பாய் விரித்து, வட்டிலப்பமும் தேத்தண்ணியும் வைத்தாள். வாப்பா எங்கே என்ற கேள்விக்கு, ஒரு வேலையாகப் போனார் என்றாள். அன்றைக்கு எத்தனையாவது அரைப் பொய் என்று அவளுக்கே கணக்கு விட்டுப்போயிற்று.

அப்போதுதான் கேற்றில் யாரோ தட்டினார்கள். வாப்பாவாக இருக்கும் என்று சுல்பிகா ஓடிப்போய்த் திறந்தாள்.

கிருசிகா நின்றாள். கையில் பைல் மட்டையும் பேனையும். சைக்கிள் மதிலில் சாத்தியிருந்தது. மிஸ்ஸைக் கண்டதும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மெசின் மீராமுகைதீன் ஐயாட வீடு எது எண்டு கேட்டன், இஞ்ச காட்டினாங்க. சின்ன மகளுக்குத் தாள் நீட்டணும். நீங்க எப்பிடி மிஸ் இஞ்ச?"

சொந்தக்காரர் வீடு என்று சொன்னால் முடிந்தது. பொய்யும் இல்லை. அந்தச் சொல் சுல்பிகாவின் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

அதற்குள் றிஸ்லா பின்னால் வந்துவிட்டாள். யார் தாத்தா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், தாளைக் கண்டதும் பேசாமல் வாங்கினாள். படியில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். வாப்பாவின் கையெழுத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். கீழே, யார் இழந்தது என்ற இடத்தில், மைமூனாவின் பெருவிரல் அடையாளம் இருந்தது. பேனையைக் கேட்டு வாங்கி, முதல் கோட்டில் தன் பெயரை எழுதினாள். எழுதியவர் நாளைக்கு வாசிக்க வேண்டும் என்று கிருசிகா ஞாபகப்படுத்தினாள். தெரியும் என்றாள் றிஸ்லா. மரைக்கார் மாமாவுக்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கிருசிகா ஒருத்தி முகத்திலிருந்து மற்றவள் முகத்துக்குப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. காலையில் மெசின் சீட்டில் மூன்றரை மணித்தியாலம் பார்த்த அதே மூக்கு.

றிஸ்லா தாளையும் பேனையையும் அக்காவிடம் நீட்டினாள்.

"மத்தக் கோடு வெறுமையாக் கிடக்கு தாத்தா."

சுல்பிகா வாங்கினாள். வரவுப் புத்தகத்திலும் சம்பளத் தாளிலும் எம். சுல்பிகா என்று எழுதிப் பழகிய கை அது. இன்று அந்த ஓர் எழுத்தை விரித்து, மீராமுகைதீன் சுல்பிகா என்று முழுதாக எழுதினாள். பிறகு நிமிர்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து செய்யாத வேலை அது.

"மெசின்ல இருந்தவர் என்ட வாப்பா, கிருசிகா. அவர் ஒண்டையும் மறைக்கல்ல. நான்தான் மறைச்ச. எட்டு மணிய பத்தா மாத்தினதும் அதுக்குத்தான். வட்டிலப்பத்துக்கு இல்ல."

கிருசிகாவின் கண் நிறைந்தது. பரவாயில்லை மிஸ் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுல்பிகாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளை பேனை மூடியை விரலில் உருட்டினாள்.

"கூட்டம் நாளைக்கு நாலு மணிக்கு மிஸ்," என்றாள் பிறகு. "முந்தி வாங்க."

சுல்பிகாவுக்கு முகமெல்லாம் சுட்டது. தன்னுடைய பாடத்தைத் தானே கேட்பது இப்படித்தான் இருக்கும்போலும்.

பின்னால் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் படுகிற சத்தம் கேட்டது. மண்டபத்து வாசலில் சுபைறா நின்றார். எப்போதிலிருந்து நிற்கிறாரோ. அவருடைய இரண்டு மகள்மாரும் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் வயல் பக்கம் உயரமான வீடுகள்.

"அது என்ன தாள்?" என்றார் சுபைறா. குரலில் கோபமா வேறெதுவுமா என்று பிடிபடவில்லை. "இஞ்ச கொண்டா பாப்பம்."

றிஸ்லா அக்காவின் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில்தான் தங்கச்சிக்கும் பயம் இருக்கிறது என்று சுல்பிகாவுக்குத் தெரிந்தது. மூன்று வாரம், ஒரு கல்யாணம், பாதி நிரம்பிய ஒரு வீடு. தெற்கே போன மெசின் இன்னும் திரும்பவில்லை. காலையில் இருந்த சுல்பிகா என்றால் தாளை மடித்து முந்தானைக்குள் செருகியிருப்பாள், கல்லூரி விசயம் மாமி என்று சிரித்திருப்பாள்.

அவள் படியேறிப் போனாள். சுபைறாவுக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் நீட்டினாள். தாளையும் பேனையையும் சேர்த்து.